குடை, வாழைக்காய், ரயில், கண்ணாடி, ஆடு

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். "தலையில அடிபட்ட பசங்கள தேடிக்கினு போவா. கெடைச்சா சந்தோசப்படுவா." இதற்காக அவளோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். உள்ளதைச் சொல்வதென்றால், எங்கள் ஆராய்ச்சியை இத்தனை சுருக்கமாக வேறு யாரும் விளக்கியதில்லை.

சென்னையில் ஒரு மருத்துவமனை நடத்திய ஆராய்ச்சி அது. விளையாட்டில் தலை மோதிக்கொண்ட இளைஞர்கள் அடுத்தடுத்த நாட்களில் வண்டி ஓட்டினால் என்ன ஆகிறது, அதை எப்படித் தடுப்பது என்று பார்ப்பது நோக்கம். இதற்கு எங்கள் பக்கத்தை விட்டால் பொருத்தமான இடம் கிடையாது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் கம்பெனிகள் வந்த பிறகு, கூலிக்கு நாற்று நட்ட குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு டிரைவர் உண்டாகிவிட்டான். வாரத்தில் ஆறு நாள் ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குவான். கர்த்தரே ஓய்ந்திருந்த ஏழாம் நாளில் இவன் கபடி ஆடித் தலையை மோதிக்கொள்வான். என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, இவர்களைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரிய கருவி எதுவும் தரவில்லை. ரத்தம் வராமல், ஆள் தானே எழுந்து நின்றாலும், உள்ளே மூளை குலுங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, மறுபடி கேட்க வேண்டும். வார்த்தைகள் வராவிட்டால் அவன் இரண்டு வாரம் ஆடவும் கூடாது, வண்டியைத் தொடவும் கூடாது. குடை, வாழைக்காய், ரயில், கண்ணாடி, ஆடு. எங்கள் பகுதிக்கென்று சென்னையில் உட்கார்ந்து பொறுக்கி எடுத்த வார்த்தைகள். எங்களுக்கு ஆடு தெரியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பழகுங்கள், நாக்கு தடுக்காமல் வர வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நான், அம்மா, தம்பி, மூன்றே பேர். தம்பிக்கு இருபத்து மூன்று வயது. தேர்வாய் கண்டிகைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஒப்பந்தக்காரரின் வேனை ஓட்டுகிறான். ஊர்க் கபடி அணியில் அவன்தான் மூலையில் நின்று, பாடி வருகிறவன் காலைப் பிடிக்கிறவன். அவன் நாஷ்டா சாப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து அவனிடம் கேட்டுப் பழகினேன். அடுப்படியிலிருந்து அம்மாவும் கூடவே சொல்லிப் பார்ப்பாள். நாங்கள் வேதக்காரர்கள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிச் சொல்லியே சோப்பு டப்பாவும் டம்ளரும் பரிசு வாங்கியவன் என் தம்பி. ஐந்து வார்த்தை அவனுக்கு எம்மாத்திரம்? ஒரே வாரத்தில் தலைகீழாகவும் சொன்னான். ஆடு, கண்ணாடி, ரயில், வாழைக்காய், குடை.

எங்கள் ஆட்களுக்குப் பரீட்சை என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும். அந்த வருடம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் நடந்தபோது டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். உதவிக்கு நானும் போயிருந்தேன். உள்ளே போய் வந்த முதல் ஆள் கடைசி வரி எழுத்துகளை வெளியே நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், எல்லாருக்கும் பருந்துக் கண். ஒரு மூத்த டிரைவர், எழுத்து அட்டையை ஆணியில் மாட்டுவதற்கு முன்பே கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "போதுமா சார்?" என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து சிரித்தேன். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மூன்று பேரும் சிரித்தோம். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

கபடி அணியும் எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தது. சேர்ந்ததற்குக் காரணம் ஜெர்சி. மருத்துவமனைக்காரர்கள் மஞ்சள் நிறத்தில், முதுகில் 'தலையே முதல்' என்று அச்சடித்த ஜெர்சி கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக, நான் கேட்கும் வார்த்தைகளைச் சொல்லாதவனை உட்கார வைக்க அணி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ தலைகள் மோதின, ஒருவன்கூட வார்த்தை தவறவில்லை. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா போனில் பூரித்துப்போனார். உங்கள் பகுதிப் பையன்களுக்கு ஞாபகசக்தி அபாரம், இதை வெளிநாட்டுக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. எங்கள் மண்ணில் ஏதோ இருக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

பள்ளிப்பட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஆந்திர எல்லை ஊர், எங்கள் ஊரிலிருந்து திருவள்ளூர், திருத்தணி தாண்டிப் போக வேண்டும். டீசல் போட்டுக்கொள்வதாகச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் வேனைக் கேட்டு வாங்கி, அணி மொத்தமும் ஏறியது. தம்பி ஓட்டினான். கழுத்தில் அட்டையோடு நான் முன்சீட்டில். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவனையும் போட வைத்தேன். பின்னால் இருந்தவர்கள், "மேடம் வந்தா பேஜாருப்பா" என்று முனகினார்கள்.

இறுதி ஆட்டத்தில் அது நடந்தது. பாடி வந்தவனின் காலைப் பிடிக்கத் தம்பி பாய்ந்தான். வந்தவன் திரும்பிய வேகத்தில் இரண்டு தலைகளும் மோதின. பந்தல் கடைசியில் நின்ற எனக்கே சத்தம் கேட்டது. இருவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். இருவரும் எழுந்ததும் கூட்டம் கை தட்டியது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு தடவை முட்டினால் கொம்பு முளைக்கும், இன்னொரு தடவை முட்டிக்கொள்ளுங்கள் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இது குழந்தைகளுக்குச் சொல்வது, நாமெல்லாரும் செய்ததுதான். ஆனால் மீசை வைத்த இரண்டு தடியன்கள், ஊரே பார்க்க, சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்து நெற்றியோடு நெற்றி மறுபடி முட்டிக்கொண்டார்கள். குலுங்கிய மூளை மறுபடி குலுங்கினால்தான் ஆபத்து என்பது எங்கள் ஆராய்ச்சியின் முதல் பாடம். அதை எத்தனை பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்! நான் கத்திக்கொண்டே ஓடினேன். மைக்செட்டில் பாட்டு போட்டுவிட்டார்கள்.

தம்பியை ஓரமாக உட்கார வைத்துச் சோதித்தேன். ஐந்து வார்த்தைகளைச் சொன்னேன், ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன், திருப்பிக் கேட்டேன். குடை, வாழைக்காய், ரயில், கண்ணாடி, ஆடு. தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான். எதிர் அணிக்காரனையும் விடவில்லை. அவன் தெலுங்கு கலந்த தமிழில் மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, மிச்சத்துக்குக் கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்தான். அவனை அவர்கள் ஆட்களிடம் ஒப்படைத்து, இரண்டு வாரம் படுக்க வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். எங்கள் மண்ணுக்கும் அவர்கள் மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எங்கள் அணி தோற்றது. இரண்டாம் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் வேனில் ஏறினார்கள். தம்பி ஓட்டினான், நான் பெல்ட் போட்டேன். வெயிலில் நின்ற களைப்பு. பொழுது சாய்வதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது. விழித்தபோது எங்கள் தெரு. தம்பி சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மறுநாள் அவனுக்கு மதிய ஷிப்டு. மத்தியானத்துக்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு போனால்தான் நான்கு ஊர்ப் பெண்களையும் நேரத்துக்குக் கொண்டுபோய் விட முடியும். ஒப்பந்தக்காரர் கறாரானவர். ஒரு ஷிப்டு தவறினால் வண்டி வேறு கைக்குப் போய்விடும் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். அந்த வேனுக்காகத் தம்பி நாயாக அலைந்தது எனக்குத் தெரியும்.

காலையில் எழுந்து வந்து, "நேத்து ஜெயிச்சோமா?" என்று அம்மாவைக் கேட்டான். தோற்ற கடுப்பில் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். அம்மா, தோத்துட்டீங்கடா என்றாள். பல் தேய்த்துவிட்டு வந்தான். இட்லியைப் பிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, நேத்து ஜெயித்தோமா என்று மறுபடி கேட்டான். அம்மா அவனை முறைத்துவிட்டு, என்ன காலையிலேயே குடித்திருக்கிறாயா என்றாள். இது கிண்டல் இல்லை என்று எனக்கு அப்போது பட்டது.

எதிரே உட்கார்ந்தேன். குடை, வாழைக்காய் என்று நான் ஆரம்பித்ததும் மிச்சத்தை அவனே முடித்தான். எனக்கு முன்னால் முடித்தான். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஆணியில் மாட்டாத அட்டையைப் படித்த அந்த மூத்த டிரைவர் கண்முன் வந்து நின்றார். டேய், இந்த வார்த்தையெல்லாம் டீமில் சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டேன். சொல்லாமல் எப்படி என்றான். ஃபெயிலானால் உட்கார வைத்துவிடுவாயே, அதனால் எல்லாருக்கும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன் என்றான். எங்கள் மண்ணின் மகிமை விளங்கிவிட்டது.

அவசரத்தில் சுற்றிலும் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சீப்பு, கருவாடு, பூட்டு, மழை, ஏணி. திருப்பிச் சொல்லச் சொன்னேன், சொன்னான். மனம் கொஞ்சம் ஆறியது. அவன் இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டான். அம்மா சட்னி ஊற்றினாள். வேனுக்கு டயர் மாற்றுவது பற்றிப் பேச்சுக் கொடுத்தேன், நன்றாகவே பேசினான். பிறகு, இப்போது சொன்ன வார்த்தைகளைச் சொல்லு என்றேன்.

ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்க எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"குடை, வாழைக்காய், ரயில், கண்ணாடி, ஆடு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மாவுக்கும் பெருமை. ஒன்று விடாமல் சொல்லிவிட்டானே என்றாள்.  அத்தனை பெரிய ஆள், வாயில் சட்னியோடு, தப்பான பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டு என் பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

இன்று வண்டி எடுக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் சிரிப்பு நின்றது. ஒரு காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, எதற்கு லீவு என்று கேட்பான் அந்த ஒப்பந்தக்காரன், வண்டி போய்விடும் என்று குதித்தான். அஞ்சும் சொன்னேனே என்றான். நீ சொன்னது இன்றைய வார்த்தை இல்லை என்றால் நம்பவில்லை. அம்மாவை சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள் சட்னியில் கவனமாக இருந்துவிட்டாள். உன் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தம்பியையே பிடிக்கிறாயா என்று என்னைத்தான் திட்டினாள். தம்பி எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். அவன் பலத்துக்கு என்னை ஒரு கையால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். கோயில் முனையில் டிபன் கேரியரோடு வந்து நிற்கப்போகிற பெண்களின் முகம் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. அதில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள்.

சண்டையில் வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். "டேய், நேத்து பள்ளிப்பட்டுலேர்ந்து வண்டி யாரு ஓட்னது?"

"யாரோ டீம்ல ஓட்னான். நான் பின்னாடி படுத்துக்கினு வந்தேன். ஏன்?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இரவு அவன் வேனை நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டியதை அவள் கண்ணால் பார்த்தவள்.

"நீதான்டா ஓட்ன," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்கள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பொத்தட்டூர்ப்பேட்டையில் டீ குடித்தோமா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. திருத்தணி கேட்டில் ரயிலுக்கு நின்றோமா என்று கேட்டான். அதுவும் எனக்குத் தெரியாது. ஊத்துக்கோட்டை ஆற்றுப் பாலம் வந்ததா என்று கேட்டபோது அவன் குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டது. பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தான். நான் வாசலை விட்டு நகரவில்லை. 

ஒப்பந்தக்காரருக்கு நானே போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, தம்பி சொன்னதேதான். ரத்தம் வந்ததா? வரவில்லை என்றால் அப்புறம் என்ன அடி? என் அட்டையில் இருந்த மருத்துவமனைப் பெயரையெல்லாம் அடுக்கிய பிறகு, ரெண்டு வாரம் வேறு ஆள் போடுகிறேன், வண்டி உங்கள் தம்பிக்குத்தான் என்று இறங்கி வந்தார். வேறு ஆள் யார் என்று கேட்டேன். சாட்சாத் அந்த மூத்த டிரைவர்தான். சார், அவருக்குக் கண்ணு தெரியாதே என்றேன். "கண்ணு இன்னாத்துக்கு மேடம்? அவருக்கு ரோடே மனப்பாடம்," என்றார்.

தம்பியை அம்மாவோடும் அணிக்காரன் ஒருவனோடும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நான் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கூடவே போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டதுதான். ஆனால் நான்கு ஊர்ப் பெண்களை மனப்பாடத்தின் கையில் விட முடியவில்லை. மூத்த டிரைவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சட்டைக்குள் கைவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடி போட்டவனுக்கு வண்டி தர மாட்டார்கள், வயசாகிவிட்டது என்பார்கள், அதனால் ஆள் பார்க்காத இடத்தில்தான் போடுவது, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்றார். பாதுகாப்பு வாரத்தில் எல்லாருமாகச் சேர்ந்து அந்த மனுஷனின் கண்ணாடியைச் சட்டைக்குள் தள்ளியிருக்கிறோம். அன்று கம்பெனி வாசல்வரை நான் கண் இமைக்கவில்லை.

தம்பியின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், நாங்கள் சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றாள் அம்மா. அந்த ஞாயிறு ராத்திரி கர்த்தரே ஸ்டியரிங் பிடித்தார் என்பது அவள் கட்சி. வழக்கமாக இதற்கெல்லாம் நான் எதிர்ப்பேச்சு பேசுவேன். இந்த முறை என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அப்படியானால் நம்மிடம் இருப்பது எதுவுமே செல்லாது இல்லையா என்றார். ஆமாம் என்றேன். பள்ளிப்பட்டுக்காரன் சொன்ன மூன்று வார்த்தை மட்டும் உண்மை என்றேன். இப்போது ஒவ்வொரு முறையும் புது வார்த்தைகள், தலை மோதிய பிறகுதான் போனில் வருகின்றன. அம்மா மட்டும் வாராவாரம் புது வார்த்தை என்ன என்று கேட்கிறாள். நான் சொல்வதில்லை.

தம்பி தேறினான், வேனும் அவன் கைக்கே வந்தது. சில மாதம் கழித்துப் பள்ளிப்பட்டிலிருந்து மறுபடி ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அதே அணி, அதே வேன், முன்சீட்டில் நான். ஆட்டம் முடிந்து திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஊரைத் தாண்டியதும் ஏரிக்கரையை ஒட்டி ரோடு சட்டென்று வளைகிறது. ஒரு பக்கம் புளியமரம், மறுபக்கம் தடுப்புச் சுவர்கூட இல்லாமல் பள்ளம். அவன் வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தியேவிட்டான்.

"அக்கா, அன்னிக்கு இந்த வளைவுல நான் எப்படித் திரும்புனேன்?"

"தெரியலடா. நான் தூங்கிட்டேன்."

அவன் பின்னால் திரும்பி அணிக்காரர்களைக் கேட்டான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அன்று ஏறியதும் தூங்கிவிட்டவர்கள்தான்.  பிறகு அவன் கியரைப் போட்டு, அந்த வளைவில் மெதுவாகத் திரும்பினான். எல்லாரும் விழித்திருந்து பார்த்தோம்.